கயிற்றில் ஏறும் வாழ்த்து

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூரு
டிசம்பர் 18

பேரன்பிற்குரிய என் கணவர் அவர்களுக்கு,

தமயந்தி வணக்கத்துடன் வரைவது. தங்கள் முழங்கால் வலி தணிந்ததா? நான் நலமே.

நான் சமையல் பொறுப்பேற்றுள்ள இவ்வீட்டின் லீனா அம்மையார், பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைச் சேகரித்து, ஆண்டுதோறும் கூடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுகிறார். நேற்று ஒன்றைத் துடைக்கப் போனேன்.

"ஐயோ, அது தூசி இல்லம்மா, வெள்ளித்தூள்! எங்கப்பாவுக்குச் சின்ன வயசுல வந்தது!" என்று பதறினார்.

நல்லவேளை, ஒரு நட்சத்திரம் மட்டுமே மங்கியது. விளக்கேற்றியதும் அட்டையின் பனியும் மற்ற நட்சத்திரங்களும் மின்னின. நாம் பிறக்கும் முன்பே எவரோ அனுப்பிய பனி இன்னும் உருகாதிருப்பது கண்டு வியந்து, அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்து ஆங்கிலத்தை, பள்ளி செல்லாது தானாகக் கற்ற நான், பிழையின்றி வாசித்தேன்.

"என் பெயருக்கு ஒன்றுமில்லையே?" என்றேன், விளையாட்டாக.

"இந்த வீட்டு ஆளுக்குத் தபால்ல வந்தாத்தான் கயித்துல ஏறும். உனக்கு ஒண்ணு வரட்டும், நடுவுலயே மாட்டுறேன்" என்றார்.

ஆகவே, தங்கள் கைப்பட எழுதிய பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்றை அனுப்பியருள்க. கைப்பேசிப் படம் கயிற்றில் நிற்காது. ஜனவரி ஆறாம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள்; பொங்கலுக்கு முன்பே ஆயினும் அதற்குள் சேர வேண்டும். குக்கர் கூவுகிறது, முடிக்கிறேன். நடுவில் ஓர் அட்டைக்கு இடம் விட்டே கட்டியிருக்கிறோம்.

தங்கள்
தமயந்தி