ஏரம்பர் பெயர் எழுதிய சைக்கிள்

17 ஜனவரி 2024, புதன்

சைக்கிள் கடையில் இன்று மூன்று பஞ்சர் ஒட்டினேன், ஒரு பெயர்ப்பலகை எழுதினேன். பரந்தனிலிருந்து முரசுமோட்டை வரை நடந்து வந்தேன். என் சைக்கிளின் பிரேம் ஒட்டிய இடத்திலேயே மறுபடியும் விட்டுவிட்டது. இது மூன்றாவது தடவை. கடை முதலாளி ராசரத்தினம் அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இனி இதில ஒட்ட இரும்பில்லை. ஒட்டுத்தான் இருக்கு."

அடுத்த புதன் அப்பாவுக்குக் கிளினிக். சீனி வியாதிக் காலோடு அவரை எதில் ஏற்றிப் போவது? பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பதற்குள் புண்ணில் கட்டிய துணி நனைந்துவிடும்.

20 ஜனவரி, சனி

ஏரம்பரின் மகன் ஜனார்த்தனன் லண்டனிலிருந்து வந்திருக்கிறார்.

ஏரம்பர் யார் என்று எனக்கு நானே எழுதத் தேவையில்லை. எழுதினால் ஆத்திரம் கொஞ்சம் இறங்கும், அதனால் எழுதுகிறேன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த அப்பாவை வைத்து இங்கே ஐந்து ஏக்கர் காடு வெட்டினார். வெட்டி முடிந்ததும் வாய்க்கால் பக்கத்து மூலையைக் காட்டி, "வீரையா, இந்த அரை ஏக்கர் உனக்கு" என்றார். ஒரு துண்டுக் கடதாசிகூட எழுதவில்லை. பிறகு குடும்பத்தோடு லண்டன் போய்விட்டார். சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பியபோது எல்லாம் மறுபடியும் காடு. அப்பா இரண்டாவது முறையும் வெட்டினார். காணிக்குப் பத்திரம் இல்லாததால் அரசாங்க வீட்டுத்திட்டம் எங்களைத் தாண்டி அடுத்த வளவுக்குப் போனது. பதினான்கு வருடமாகத் தகரக் கொட்டில். அம்மா அதற்குள்ளேயே செத்தா.

ஏரம்பர் போன பெப்ரவரியில் லண்டனில் காலமானார். ஆண்டுத் திவசத்தை மகன் இங்கே செய்யப் போகிறாராம்.

வாசலில் நின்றபடி கேட்டார்: "வீரையா, நீ எப்பிடி இருக்கிறாய்?" அவருக்கு ஐம்பது வயது, அப்பாவுக்கு எழுபது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

ஜனார்த்தனன் வான் வண்டியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே மௌண்டன் சைக்கிளின் பிரேம். புத்தம் புதிது, அலுமினியம், ஒரு கையால் தூக்கலாம். தனக்கென்று வாங்கியதாம், அளவு சிறிதாகிவிட்டதாம்.

"சுமித்திரா, நீ சைக்கிள் கடையிலதானே நிக்கிறாய். மற்றச் சாமானுகளை நீயே தேடிப் போடு. அப்பான்ர ஞாபகார்த்தமா உனக்குத்தான். வெள்ளை அடிச்சு, அப்பான்ர பேரைப் பொன் நிறத்தில வடிவா எழுது. திவசத்தண்டு சனத்துக்கு முன்னால தருவம்."

எலும்பு அவர்களுடையது, சதை நாங்கள் போட வேண்டும், பெயர் மட்டும் ஏரம்பருடையது. இந்த ஊரில் பள்ளிக்கூடக் கதிரையின் முதுகில், தண்ணீர்த் தாங்கியின் வயிற்றில், முன்பள்ளிப் பிள்ளைகள் பால் குடிக்கும் கோப்பையில்கூட "அமரர்" என்று எழுதியிருக்கிறது. இனி நானும் ஒரு செத்தவரின் பெயரைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

அப்பாவுக்குத்தான் புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாம்மா, மறக்கல. நல்லா எழுது. அவங்க மனசு குளுந்தா காணிக் கடுதாசியையும் கேட்டுப்புடலாம்."

எனக்கும் அந்தக் கடதாசி வேண்டும். சைக்கிளும் வேண்டும். வெட்கத்தை விட்டுத்தான் எழுதுகிறேன்.

23 ஜனவரி, செவ்வாய்

புதுப் பிரேமில் ஒரு கீறல் இல்லாத கறுப்புப் பெயின்றைச் சுரண்டினேன். தண்ணீர் தொட்டுத் தொட்டுச் சாண்ட் பேப்பர். விரல் நுனி தேய்ந்து தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை.

"அலுமினியத்துக்கு எங்கட பிறைமர் பிடியாது. அதுக்கெண்டு வேற இருக்கு. அதை அடிக்காட்டி மூண்டு மாசத்தில அப்பளம் மாதிரி உரியும்" என்றார் அண்ணை.

உரியட்டுமே என்று ஒரு கணம் ஆசை வந்தது. மூன்று மாதத்தில் ஏரம்பர் தானாகக் கொட்டுண்டு போகட்டுமே. ஆனால் இந்தக் கைக்குக் கெட்ட வேலை வராது. முதற்பூச்சாகச் சரியான பிறைமரையே அடித்தேன்.

24 ஜனவரி, புதன்

கிளினிக். அண்ணைதான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனார். காலில் இரண்டாவது விரலும் கறுக்கிறதாம்.

30 ஜனவரி, செவ்வாய்

வெள்ளை மூன்று பூச்சு முடிந்தது. முன் சில்லு லொறியில் அடிபட்ட ஒரு சைக்கிளினது. பின் சில்லும் கியரும் கடையின் பழைய இரும்புக் குவியலில் கிடைத்தன. பெடல் அச்சுக்குப் புது போல்ஸ் குண்டுகள் போட்டு, கிறீஸ் வைத்து, ஆட்டம் இல்லாமல் இறுக்குவதற்கு அரைநாள் போனது.

இந்தப் பிரேமில் அப்பா பின்னால் இருக்கக் கரியர் பூட்ட ஓட்டையே இல்லை. இரும்புப் பட்டியை வளைத்து, றப்பர் வைத்து, நான்கு இடத்தில் கவ்வ வைத்தேன். கடைக்கு வந்தவன் ஒருவன், "மௌண்டன் சைக்கிளுக்குக் கரியரோ! கோட் சூட்டுக்குக் கோவணமோ!" என்று சிரித்தான். சிரிக்கட்டும். அவனுடைய அப்பா நடப்பார்.

3 பெப்ரவரி, சனி

பெயர் எழுதினேன். ஜனார்த்தனனிடமிருந்து வட்ஸ்அப்பில் கட்டளை வந்தது, முன்னால் "கொடைவள்ளல்" சேர்க்கட்டாம். கொடைவள்ளல்! சேர்த்தேன். "அமரர் கொடைவள்ளல் ஏரம்பு ஞாபகார்த்தமாக." கை ஒரு இடத்திலும் நடுங்கவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். மேலே நிறமில்லாத கிளியர் இரண்டு பூச்சு. மழைக்கும் வெயிலுக்கும் அசையாது.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. காயப்போட்ட பிரேமின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "இதுல எதும்மா ஐயா பேரு?" விரலால் காட்டினேன். நீண்ட நேரம் அந்த நான்கு எழுத்தையே பார்த்தார்.

8 பெப்ரவரி, வியாழன்

தானமாக எதையாவது வாங்கினால் நன்றி மடல் எழுதி, மேடையில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். அது இங்கே வழக்கம். வாங்குகிற நானே எழுத வேண்டுமாம், எனக்குத்தானே வடிவான எழுத்து.

எழுதினேன். "காடாய்க் கிடந்த தங்கள் காணியில் நாற்பத்தாறு ஆண்டுகள் எங்களைக் குடியிருக்க அனுமதித்த பெருந்தகையே! தங்கள் மண்ணின் காவலர்களாய், தங்கள் கருணையன்றி வேறு உரிமையேதுமற்ற நாங்கள், தங்கள் உப்பின் நன்றியை எங்ஙனம் மறப்போம்!"

எழுத எழுதச் சிரிப்பு வந்தது. நக்கல் என்று ஒருவருக்கும் விளங்காது, எல்லா நன்றி மடலும் இப்படித்தானே இருக்கிறது. கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அப்பா பெருவிரல் வைத்தார். நாற்பத்தாறு வருடத்துக்கு இவ்வளவாவது பழி வாங்கினேனே.

11 பெப்ரவரி, ஞாயிறு

சைக்கிளின் ஹாண்டிலில் ஏரம்பரின் படத்தைச் சாய்த்து மாலை போட்டிருந்தார்கள். நான் மடலை வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜனார்த்தனன் கண்ணைத் துடைத்தார்.

அப்பா அவரை ஓரமாகப் பிடித்தார். "சின்னையா, அந்த மூலைக் காணி..."

"பாப்பம் வீரையா. நான் போய் ஆறுதலாக் கதைக்கிறன்."

சைக்கிள் நன்றாக ஓடுகிறது. அதை எழுதாவிட்டால் பொய்யாகிவிடும். அப்பா பின்னால் இருக்க, கியரை இறக்கி வாய்க்கால் கரை முழுவதும் மிதித்தேன். மணலில்கூடக் கால் ஊன்றவில்லை.

13 மார்ச், புதன்

கிளினிக். "மோட்டரு கணக்கா போவுது" என்கிறார் அப்பா.

15 மே, புதன்

வேலையால் வர, எங்கள் சமையல் குசினிக்குப் பின்னால் சிவப்புத் துணி கட்டிய தடி நடப்பட்டிருந்தது. காணி அளக்கிறார்கள். ஐந்து ஏக்கரும் விலைப்பட்டுவிட்டதாம். எங்கள் மூலையும் சேர்த்து.

ஜனார்த்தனனுக்குப் பத்துத் தரம் போன் எடுத்தேன். இரவு ஒரு வரி வந்தது: "அது கதைச்சு முடிஞ்சுது, உங்களுக்கு எழும்பிப் போக ஆறு மாசம் தாறம்."

தாறாராம்!

31 மே, வெள்ளி

கிளிநொச்சியில் ஜெயரூபி என்ற சட்டத்தரணியைப் பார்த்தோம். நல்ல மனுசி. அப்பாவுக்குக் கதிரை இழுத்துப் போட்டா. அப்பா நுனியில் இருந்தார்.

"பயப்பிடாதேங்கோ ஐயா. பத்து வருசத்துக்கு மேல ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்காமல், ஒருத்தரையும் கேக்காமல் ஆண்டு வந்திருக்கிறியள். வழக்கு வைக்கலாம். ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. இது அவையின்ர காணி, அவையின்ர அனுமதியிலதான் இருக்கிறம் எண்டு எங்கையாவது எழுதிக் குடுத்தனீங்களோ?"

"இல்லீங்கம்மா" என்றார் அப்பா. "நமக்கு எழுதத் தெரியாதுங்களே."

நான் வாயைத் திறக்கவில்லை.

ஐயோ. நான்தானே எழுதினனான். ஆரும் சொல்லித் தராமல், வடிவான எழுத்தில, ஒரு பிழை விடாமல் எழுதினனான். அனுமதித்த எண்டும் எழுதினனான், உரிமையேதுமற்ற எண்டும் எழுதினனான். அப்பான்ர பெருவிரலைப் பிடிச்சு மையில தோச்சதும் நான்தான். அவைக்கு அது ஞாபகம் வராமல் இருக்குமோ? கண்ணாடிச் சட்டம் போட்டு எல்லே குடுத்தனான்.

13 ஜூலை, சனி

மத்தியஸ்த சபை. வழக்கு வைப்பதற்கு முதல் இங்கே வர வேண்டுமாம். ஜனார்த்தனன் பக்கம் ஒரு மருமகன் வந்தான். கையில் பை. அவன் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கண்ணாடிச் சட்டத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து முழுவதும் உரத்து வாசித்தார். வாசித்து முடித்து, "நல்ல தமிழ். ஆர் எழுதினது?" என்றார்.

"நான்" என்றேன்.

வெளியே வந்து ஜெயரூபி அக்காவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவா கேட்டா: "நக்கல் எண்டு கோர்ட்டில எப்பிடித் தங்கச்சி காட்டுறது?"

வரும் வழியில் அப்பா கரியரிலிருந்து கேட்டார்: "அந்தக் கடுதாசில என்னம்மா எழுதியிருந்த? அவர் வாசிச்சது எனக்கு வெளங்கல."

மிதித்துக்கொண்டே எளிய தமிழில் சொன்னேன். முரசுமோட்டைச் சந்தியில் திரும்பும்போது மறுபடியும் கேட்டார்.

"அவங்களத் திட்டித்தானே எழுதின?"

"ஆமாப்பா."

"எனக்கு அப்பிடித் தெரியலயே."

9 செப்ரெம்பர், திங்கள்

ராசரத்தினம் அண்ணை பெயர்ப்பலகை ஒன்று கொண்டுவந்தார். இனி எழுத முடியாது என்றேன். பஞ்சர் மட்டும் பார்க்கிறேன்.

10 நவம்பர், ஞாயிறு

வழக்கு வைக்காமலே விட்டோம், ஆறு மாசமும் முடிகிறது. கொட்டிலின் தகரங்களை அப்பாவே கழற்றினார். ஆணிகளை நிமிர்த்தித் தகரப் பேணியில் போட்டார். கடைக்குப் பின்னால் ஒரு அறை தந்திருக்கிறார் அண்ணை. அம்மா வைத்த முருங்கையை என்ன செய்வது?

26 நவம்பர், செவ்வாய்

இன்று காலை அப்பா சைக்கிளருகில் குந்தியிருந்தார். கையில் கடையின் சாண்ட் பேப்பர். பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர்.

"இந்தப் பேர எடுக்கணும்மா."

நான் எடுக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நாள் முழுக்கத் தேய்த்தார். அந்தக் கிளியர் லேசில் போகாது, நான் அடித்தது. பின்னேரம் போய்ப் பார்த்தேன். மற்றச் சொல் எல்லாம் அப்படியே இருந்தது. அன்று நான் விரலால் காட்டிய நான்கு எழுத்தை மட்டும் சரியாகத் தேய்த்து எடுத்திருந்தார். பொன் போய், வெள்ளை போய், அலுமினியம் தெரிந்தது.

"போயிருச்சாம்மா?"

"போயிருச்சுப்பா."

"அந்த எடத்துல ஒன் பேர எழுது."

தூரிகை உள்ளே இருந்தது, பெயின்றும் இருந்தது.

"எழுதப் பயமா இருக்குப்பா" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சிரட்டைத் தண்ணீரை வேலியோரம் ஊற்றிவிட்டு, சைக்கிளைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

நாளைக்குக் கிளினிக். இரண்டு சில்லுக்கும் காற்று அடித்து வைத்திருக்கிறேன்.