பவளத்தின்ரை மிசினும் எங்கடை குசினி யன்னலும்

16.01.2010, சனி. சில்க்போர்க்

துணுக்காயிலையிருந்து தங்கச்சி பவளராணி போன் எடுத்தாள். முகாமிலையிருந்து விட்ட பிறகு இப்பதான் குரல் குரலாய் இருக்கு. கூரைக்குத் தறப்பாள். கிணத்திலை தண்ணி. மிளகாய்க் கண்டும் வைச்சாச்சு. மழை விட்டிட்டுது, வாளியாலை அள்ளி ஊத்தி உள்ளங்கை உரிஞ்சு போச்சாம். "தண்ணி இறைக்க ஒரு மண்ணெண்ணெய் மிசின் இருந்தால் காணும் அக்கா" எண்டாள். நாளைக்கே காசு போடுறன் எண்டன். வேண்டாமாம்! பக்கத்து ஏழு வளவுச் சனமும் வாளியோடை நிக்க, தான் மட்டும் மிசின் போடமாட்டாளாம். எட்டு மிசின் வேணும். சாகக் கிடந்து வந்தும் பெரிய மனிசித்தனம் போகேல்லை அவளுக்கு.

18.01

முதியோர் இல்லத்திலை என்னோடை வேலைசெய்யிற எமிலியாவைக் கேட்டன். போரிலை அடிபட்ட சனத்துக்கு உதவுற சின்னச் சங்கம் ஒண்டுக்கு அவதான் தலைவி. கேட்டவுடனை கண் கலங்கினா. பிறகு, "மண்ணெண்ணெயோ?" எண்டா.

போன மாசம் கொப்பன்ஹேகனிலை உலகத்துப் பெரியாக்கள் கூடிக் காலநிலையைப் பற்றிக் கதைச்சதிலையிருந்து, இந்த மனிசிக்குப் புகையெண்டாலே காய்ச்சல். சூரியசக்தியிலை ஓடுற மிசின் எண்டால் சங்கம் தருமாம். எப்ப? கோடைக்கு. ஒருவேளை.

19.01

பவளத்துக்குச் சொன்னன். "அப்ப கோடைக்கு வந்து என்ரை மிளகாய்க் கண்டை விறகுக்குப் பிடுங்கிக்கொண்டு போகச் சொல்லு" எண்டாள்.

23.01, சனி

கதைச்சு முடிவெடுக்க எமிலியா வீட்டை வந்தா. இந்த உறைபனிக்குள்ளை சைக்கிளிலை! வாசலிலை என்ரை மனிசன் குணசேகரம், கடைக்குப் போகமுதல் காரை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கிக்கொண்டு நிண்டவர். ரெண்டுபேரும் "ஹை" சொன்னவை.

உள்ளை மீன் பொரியுது. எங்கடை வழக்கந்தான்: குளிர் ஜாக்கெட் எல்லாம் மணம் பிடியாமல் அறைக்குள்ளை, குசினி யன்னல் ஆவெண்டு திறந்திருக்கு, ஹீற்றர் உச்சத்திலை, அஞ்சிலை. எமிலியா ஹீற்றரிலை கையை வைச்சா. யன்னலைப் பாத்தா. திரும்பவும் ஹீற்றரைப் பாத்தா.

"விமலா, நீ ஆரைச் சூடாக்கிறாய்? தெருவையோ?"

எனக்கு வெக்கமாய்ப் போச்சு. பொரிச்ச மணத்தோடை பஸ் ஏறினால் பக்கத்திலை ஆரும் இருக்கமாட்டினம் எண்ட பயத்திலை, வந்த நாளிலையிருந்து திறக்கிற யன்னல். அதைச் சொன்னன். சொல்லச் சொல்லக் கோவமும் வந்திட்டுது. "புகைக்குக் கணக்குப் பாக்கிறதெண்டால் என்னிலை பார். அந்தா வாசலிலை உறுமுற காரிலை பார். கம்பிவேலிக்குள்ளை இருந்திட்டு இப்பதான் வந்தவளிலையோ தொடங்கவேணும்?"

ஐயோ, எட்டு மிசினும் போச்சு எண்டு நினைச்சன். மனிசி எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினா. வந்திருந்து மூண்டு மீன்துண்டு சாப்பிட்டா. போகேக்கை தன்ரை ஜாக்கெட்டை ஒருக்கா மணந்து பாத்தா, அவ்வளவுதான்.

27.01

சங்கம் ஓமாம்! எட்டும் மண்ணெண்ணெய் மிசின். கூட்டத்திலை ஒருத்தர் புகையெண்டு தொடங்க, "முதல்லை நாங்கள் எரிக்கிறதைக் கதைப்பம்" எண்டாவாம் எமிலியா. என்ரை மனிசனுக்குச் சொன்னன். "அப்ப நான் காரை என்ன செய்யிறது?" "பஸ்ஸிலை போங்கோ." முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருக்கிறார்.

09.02

போனிலை டப டப டப எண்டு மிசின் சத்தம். பவளம் ஏதோ கத்தினாள், ஒண்டும் விளங்கேல்லை. நல்லாய் இருந்திது.

20.05

போன வருசம் சண்டை முடிஞ்ச இதே கிழமை, பவளம் உயிரோடை இருக்கிறாளோ எண்டுகூடத் தெரியாது. இண்டைக்கு வேலையிலை மனம் ஒட்டேல்லை.

12.06, சனி

மிளகாய் வித்த காசிலை பவளம் பழைய மோட்டச்சைக்கிள் ஒண்டு வாங்கியிட்டாள். பெற்றோல்! எமிலியாவுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு மூளையைக் கசக்கி, கடைசியிலை சொல்லிப்போட்டன். பெருமூச்சு விட்டா. "சரி, இந்த வருசம் நான் ஸ்பெயினுக்குப் பறக்கேல்லை" எண்டா. அடி, வருசா வருசம் பறந்துகொண்டோ இருந்தவ இவ!

பின்னேரம் பவளத்துக்கு எடுத்தன். முகாமிலை இருக்கேக்கை "வைக்காதை அக்கா, இன்னும் கொஞ்சம் கதை" எண்டு கெஞ்சுவாள். இண்டைக்கு, "சந்தைக்கு மிளகாய் ஏத்தவேணும், பிறகு எடு" எண்டு டக்கெண்டு வைச்சிட்டாள். கோவம் வந்திது. பிறகு சிரிப்போடை அழுகையும் வந்திட்டுது. என்ரை தங்கச்சிக்கு என்னோடை கதைக்க நேரமில்லை.