திரு இருதயத்துக்கு உன் முகம்

கூட்டாளிக்கு,

கோயில் உபதேசியாரிடம் சொல்லி எழுதவைக்கிறேன். முதல் எலெக்‌ஷனில் நாம் ஓட்டுப்போட்ட வருஷம், திண்டிவனம் சாமியார் கோயிலிலிருந்த வெள்ளைக்கார முகமுள்ள திரு இருதய ஆண்டவர் படத்தை எடுத்துவிட்டு, நம் ஜனங்களின் சாயலில் புதிதாக வரையச் சொன்னார். படக்காரன் உன்னை நிற்கவைத்து வரைந்தான்.

மாதாமாதம் முதல் வெள்ளியன்று என் பெண்சாதி அதன்முன் முழங்காலிட்டாள். "இப்பதான்யா சாமி நம்ம ஊட்டு ஆளு மாதிரி இருக்காரு" என்றாள்.

"எந்த ஊட்டு ஆளுடி?" என்றேன். அன்றிலிருந்து பதினாலு வருஷம் கோயிலுக்கும் போகவில்லை, உன்னிடமும் பேசவில்லை.

போன மாதம் சாகக் கிடந்தவள், "அந்தப் படத்த ஒரு தடவ கொண்டாந்து காட்டுய்யா" என்றாள். அப்போதும் எனக்கு வயிறெரிந்தது. கோயில் பூட்டிக் கிடக்கிறது என்று பொய் சொன்னேன்.

அவள் போய்விட்டாள். சாமியாரும் படக்காரனும் முன்பே போனவர்கள். நான் மன்னிப்புக் கேட்க இன்னும் உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான், அமிர்தசாமி.

இப்படிக்கு,
உன்மேல் பொறாமைப்பட்டவன்