இட்லித் தட்டில் மிஞ்சிய கண்டன்சர்

என் விரலில் குங்கிலிய வாசனை அடிக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் போகவில்லை. ஈயம் உருகும்போது புகையோடு கிளம்புமே, அந்த வாசனைதான். இரண்டு வருஷத்துக்கு முன் கோடை முழுக்க உன் சட்டையில் அடித்தது. "பூச்சி மருந்து நாத்தம் பத்தாதுன்னு இது வேறயா?" என்று நான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். இப்போது என் கையிலேயே அடிக்கிறது. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரித்துத் தொலை.

நீ செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்தவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். உயிரோடு இருந்தவரை உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவன், இப்போது மட்டும் எதற்கு வேஷம் போட வேண்டும்? பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் திருப்பனந்தாள் பக்கம் நாலு ஏக்கரில் நெல் போட்டவன் நீ. கும்பகோணத்தில் முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு ஐம்பது வருஷம் உன்னோடு மாரடித்தேன்.

எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே பெயர் என் காதுதான். சபாவில் மூன்றாவது வரிசை. பாடுகிறவருக்குச் சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். "சார் எழுந்துட்டாரு" என்று பின்னால் முணுமுணுப்பு ஓடும். அதைக் கேட்பதற்காகவே எழுந்த நாட்களும் உண்டு. நீ பக்கத்து நாற்காலியில் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்துத் தாளம் போடுவாய். நான் முகம் சுளித்தால் உன் கை நின்றுவிடும். என்ன ரசனையோ உன் ரசனை!

அப்படிப்பட்டவன் ஒருநாள் போன் பண்ணினாய். "வால்வு வெச்ச ஆம்ப்ளிபயர் வாங்கிட்டேன்டா. ஹெட்போன் மாட்டிக் கேக்கறது. சாமான் சாமானா வந்திருக்கு, நாமதான் கோக்கணும். நீ வா."

போயும் போயும் நீயா! டிராக்டருக்கு பல்பு மாற்றத் தெரியாதவன். வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் உன் மனைவி பானுமதியின் இட்லித் தட்டுகள் நான்கையும் பரப்பி, குழிக்கு ஒரு தினுசாக ரெசிஸ்டரையும் கண்டன்சரையும் பிரித்துப் போட்டிருந்தாய். நான் வாசலிலேயே நின்று சிரித்தேன்.

"சட்னி எங்கடா?"

"சிரி சிரி. இங்கிலீஷ்ல புஸ்தகம் போட்டிருக்கான். நீ படிச்சுச் சொல்லு, நான் ஈயம் வெச்சுப் பத்த வைக்கிறேன். சத்தம் நல்லாருக்கா இல்லையான்னு நீதான் சொல்லணும். நீ காது, நான் கை. அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து பானுமதி கத்தினாள். "அண்ணே, நாளைக்கு இட்லி ஊத்தணும், தட்டு வேணும்! இந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க!" மூன்று வாரம் உங்கள் வீட்டில் தோசைதான்.

சம்பா அறுப்பு முடிந்து வயல் சும்மா கிடந்த நேரம். வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறி வந்தேன். நான் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, அரைகுறை ஆங்கிலத்தில் எவனோ எழுதிய அந்தக் கையேட்டில் பக்கத்துக்குப் பத்துப் பிழை கண்டுபிடித்துத் திட்டியபடி படிப்பேன். நீ நாக்கைக் கடித்துக்கொண்டு பற்றவைப்பாய். வலது பக்கத்து வேலை முடிந்ததும் இடது பக்கத்துக்கும் அதையே முதலிலிருந்து எழுதியிருந்தான். "அரைச்ச மாவையே அரைக்கிறான். அந்தப் பக்கம் பண்ண மாதிரியே இந்தப் பக்கமும் பண்ணு, போ" என்று அந்தத் தாளைப் படிக்காமலே புரட்டினேன்.

எல்லாம் முடிந்தபோது தட்டின் நடுக்குழியில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு மஞ்சள் கண்டன்சர் கிடந்தது.

"ஒண்ணு மிஞ்சுதே. இடது பக்கம் ரெண்டு ஓட்டையும் காலியா இருக்கு பாரு."

"உதிரியா ஒண்ணு சேத்துப் போட்டிருப்பான். ஓட்டை வேற மாடலுக்கு இருக்கும். எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாத."

 அதை ஒரு தீப்பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தினாய். மிஞ்சிய விதைநெல்லைக்கூடத் தூக்கிப் போடாத பிறவி நீ.

சுவிட்சைப் போட்டதும் வால்வுக்குள் சிவப்பாகக் கம்பி கனன்றது. உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை பிறந்ததுபோல! ஒரு நாயனத் தோடியைப் போட்டோம். நான் கேட்டுவிட்டு, "மோசமில்ல" என்றேன். என் வாயிலிருந்து அதுவே பெரிய பட்டம். அடுத்து நீ மாட்டிக்கொண்டாய். புருவத்தைச் சுருக்கினாய்.

"இடது பக்கம் கீச்சுனு ஒரு சத்தம் வருதுடா. சுவர்க்கோழி மாதிரி."

நான் வாங்கி மாட்டினேன். பாட்டை நிறுத்திவிட்டும் கேட்டேன். ஒன்றுமில்லை. "ஒண்ணுமில்ல" என்றேன்.

மூன்று மாதம் நீ விட்டபாடில்லை. வால்வை இடம் மாற்றினாய். பற்றவைத்ததையெல்லாம் மறுபடி பற்றவைத்தாய். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை நீட்டுவாய், நான் உதட்டைப் பிதுக்குவேன். "ஆம்ப்ளிக்கு ஒண்ணுமில்ல, உன் காதுலதான் வண்டு பூந்திருக்கு. டாக்டரைப் பாரு." சபா வாசலில் பத்துப் பேர் கூடியிருந்தபோது, "நம்ம மிராசுதாருக்குக் காதுக்குள்ள சுவர்க்கோழி கச்சேரி நடக்குது" என்று நான்தான் ஆரம்பித்துவைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உனக்குச் சூடு சொரணை கிடையாது என்று அப்போது நினைத்தேன்.

பிறகு ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ஆமாண்டா, இப்ப கேக்கல. நீ சொன்னதுதான் சரி" என்றாய். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பும்போது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? ஒரு மடையனை வழிக்குக் கொண்டுவந்துவிட்ட சந்தோஷம்.

அந்த நாளிலிருந்துதான் நீ எப்போதும் என் வலது பக்கமாகவே நடந்தாய். போனில் கத்திக் கத்திப் பேசினாய். வயலில் ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை என்று ஏசினேன். கச்சேரியில் பாட்டின் முதல் வரியை நீ எனக்கு மெதுவாகத் திருப்பிச் சொல்வாய்; அதிகப்பிரசங்கி என்று முறைத்தேன். இப்போது பாடுகிறவர்கள் எவருமே வாயைத் திறப்பதில்லை, சொல்லெல்லாம் வழவழ என்று சபாச் செயலாளருக்கு நீளமாகக் கடிதம் எழுதினேன். மைக் செட்காரனைக் கழுவிக் கழுவி ஊற்றினேன். போன வருஷம் பிள்ளைகள் பாட்டுப் போட்டியில் நடுவராக உட்கார்ந்து, ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து, "வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே?" என்று மேடையிலேயே கேட்டேன். அவள் அழுதுகொண்டு இறங்கினாள். நீ எழுந்து அவள் பின்னாலேயே போனாய். என்ன சொன்னாய் என்று நான் கேட்கவுமில்லை.

அடுத்த மாதமே நீ நாற்றங்காலைப் பார்க்கப் போய், வரப்பில் உட்கார்ந்தவன், எழவேயில்லை. காரியம் முடிந்ததும் பானுமதி ஆம்ப்ளியையும் ஹெட்போனையும் கையேட்டையும் தீப்பெட்டியையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். "உங்களுக்குத்தான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

நேற்று வருஷத் திதிக்குச் சொல்ல வந்தாள். காபி குடித்துவிட்டு அலமாரியில் இருந்த ஆம்ப்ளியைப் பார்த்தவள், "ஒருதடவ கேக்கட்டுமா அண்ணே?" என்றாள். சுவிட்சைப் போட்டுக் கொடுத்தேன். மாட்டியதும் சிரித்துவிட்டாள். "இந்தக் கீச்சு இன்னும் போகலியா? இதோட எப்படிண்ணே பாட்டு கேக்கறீங்க?"

"என்ன கீச்சு?"

அவள் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினாள். கண் என் முகத்திலேயே நின்றது. கை தன்னால் வாய்க்குப் போனது.

"சொல்லும்மா."

"சொல்லக்கூடாதுன்னாரு அண்ணே. என்னையும் மாட்டிக் கேக்கச் சொன்னாரு. எனக்கும் நல்லாவே கேட்டுச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடவேயில்ல. 'அவனுக்குக் காது போயிட்டிருக்கு பானு. அவன்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான். நான் பைத்தியக்காரனா இருந்துட்டுப் போறேன்'னாரு."

அட பாவி. யார் கேட்டது உன் தயவை? ஐம்பது வருஷம் ஊரையே எகத்தாளம் பேசியவனைப் பார்த்து நீ, பத்தாவது தாண்டாத நீ, பரிதாபப்பட்டாயா? எனக்கு ஆத்திரமாக வருகிறது. பாதி உன்மேல்தான். அன்றைக்கே "உனக்குத்தான்டா காது செவிடு" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லியிருந்தால், அந்தப் பெண் அழுதிருக்க மாட்டாள். மீதி ஆத்திரம் யார்மேல் என்று நான் எழுதத் தேவையில்லை.

பானுமதியை உட்காரவைத்துவிட்டு, பழைய பையைத் துழாவிக் கையேட்டை எடுத்தேன். அன்றைக்குப் புரட்டிவிட்ட தாளைப் படித்தேன். இடது பக்கம் மஞ்சள் கண்டன்சரைப் போடாவிட்டால் கீச்சொலி வரும் என்று அந்த அரைகுறை ஆங்கிலத்திலேயே தெளிவாகப் போட்டிருந்தான். பிழையெல்லாம் கண்ணில் பட்ட எனக்கு இது படவில்லை. கீழே மொபைல் ரிப்பேர் கடையில் பற்றவைக்கும் கோலை இரவல் வாங்கி வந்தேன். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்து, தீப்பெட்டியைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் சாக்பீஸைத் தவிர வேறு கருவி பிடிக்காத கை. இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். ஈயம் ஓட்டையில் விழாமல் மேசையில் விழுந்தது. மூன்றாவது தடவை ஒட்டியது. அசிங்கமாகத்தான் இருக்கிறது, உன் கைவேலைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. இதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

சுவிட்சைப் போட்டேன். வால்வு சிவந்தது. முதலில் நான் மாட்டிக்கொண்டேன். முன்பு எப்படியோ அப்படியே இருந்தது. கழற்றிப் பானுமதியிடம் நீட்டினேன்.

இந்த வருஷப் போட்டிக்கும் நடுவராக வரச்சொல்லி சபாவிலிருந்து வந்த கடிதம் மேசைமேல் கிடக்கிறது. வரமாட்டேன் என்று இன்று காலை எழுதிவிட்டேன். காரணத்தையும் எழுதினேன். அந்தப் பெண்ணின் முகவரியும் கேட்டிருக்கிறேன்.

நேற்று பானுமதி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், சபாவில் நீ என் முகத்தைப் பார்ப்பாயே, அந்த மாதிரி.

"போச்சும்மா?"

"போயிடுச்சு அண்ணே."

உன்னை மூன்று மாதம் நம்பாதவன், அவளை அந்த நொடியிலேயே நம்பினேன்.