இன்னும் ஒரே ஒரு விநாடி

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாகத் தெரிந்தால் உன் மூக்குக் கண்ணாடியைத் துடைக்காதே, குறை அதில் இல்லை. போனில் என் குழறலைக் கேட்டு நீ பத்துத் தடவை "என்னப்பா?" என்கிறாய். பக்கவாதம் வந்தது எனக்கு, காது போனது உனக்கு. ஆகவே கடிதம்.

இந்த மறுவாழ்வு இல்லத்தில் ஒரே ஒரு சட்டம். தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எதையும் பிடிக்காமல், ஒரு நிமிடத்துக்குள் நடக்க வேண்டும். நடந்துவிட்டால் வீட்டார் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகலாம். வாரம் ஒரு சோதனை. நேரம் பார்ப்பது பிசியோதெரபி கொடுக்கும் பெண்.

அவள் எல்லோருக்கும் கை தட்டுகிறாள். எதிர்க் கட்டில் போஸ்ட்மாஸ்டர் நேற்று நாற்காலியை விட்டு எழுந்தார். "சபாஷ் தாத்தா, கலக்கிட்டீங்க" என்றாள். மனிதர் திருப்தியாக உட்கார்ந்தவர் இன்னும் எழவில்லை. முப்பது வருடம் நீச்சல் கற்றுக்கொடுத்தவன் சொல்கிறேன்: பாராட்டு காதில் விழுந்ததும் தசை விடுமுறை எடுத்துக்கொள்கிறது. சபாஷ் என்ற அந்தச் சொல் என் வாயிலிருந்து ஒரு பிள்ளைக்கும் வந்ததில்லை, நீ உட்பட.

எனவே என் நேரத்தை என்னிடம் சொல்லக் கூடாது, மகளுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நீ பார்த்து எனக்கு எழுது. எதை எப்படிச் சொல்வது என்று என்னிடம் வளர்ந்தவளுக்குத் தெரியும்.

சீக்கிரம் வீட்டுக்கு வர வேண்டும், அம்மா. எனக்கு எப்போது தூக்கம் வருகிறது என்பதைக்கூட இங்கே வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் நேரம் அறுபத்து நாலு விநாடி. இன்னும் நாலுதான்.

மாடிப்படி ஏற வேண்டாமென்று கீழறையை உங்களுக்காக ஒழிக்கிறேன். குளியலறையில் கைப்பிடி வைக்க ஆள் வந்துவிட்டுப் போனார். சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல சுவரும்மா" என்று என்னைப் பாராட்டினார். அதன்பின் வரவில்லை. நீங்கள் சொல்வது சரிதான் போலிருக்கிறது.

எடையளவு அலுவலக வேலையாக வழக்கம்போல் கடைகளில் தராசு சோதனை. ஒரு கடைக்காரர் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்தார். கேட்டால், "எடை கொஞ்சம் கூடத் தெரிஞ்சாத்தான் மேடம் ஜனங்களுக்குத் திருப்தி" என்றார். தராசைப் பறிமுதல் செய்தேன்.

போனில் நீங்கள் கேட்ட பழைய மூக்குக் கண்ணாடியை அலமாரியில் தேடி அனுப்புகிறேன்.

அன்பு மகள்


ஏப்ரல் 12

அன்புள்ள மகளுக்கு,

கண்ணாடி வந்தது. கடிதம் இல்லையே? இரண்டு வாரமாக எண் தெரியாமல் நடக்கிறேன்.

பிசியோ பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, என் உத்தரவு ஞாபகம் வந்து மூடிக்கொள்கிறாள். அறுபதுக்குள் வந்துவிட்டேனோ?

அலமாரியின் மேல்தட்டில் நீல நோட்டு ஒன்று இருக்கும். அது பழைய குப்பை. நீ மெனக்கெட வேண்டாம்.

அப்பா


ஏப்ரல் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

அறுபதரை. அரை விநாடியில் போயிற்று. அந்தப் பெண் எல்லோருக்கும் கை தட்டுகிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சிரிப்பும் அப்படித்தான்.

நீல நோட்டில் நான் மெனக்கெடவில்லை. அது கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது.

மகள்


மே 6

அன்புள்ள மகளுக்கு,

படித்துவிட்டாய். நல்லது, ஒளிக்க ஒன்றுமில்லை. நீரிலிருந்து நீ தலை தூக்கும்போதெல்லாம் நிஜ நேரத்தோடு ஒரு விநாடி சேர்த்துச் சொன்னேன். அது பொய் அல்ல, முறை. எட்டிவிட்டோம் என்று நினைக்கும் மனது கையை வீசாது. உன் நன்மைக்குத்தான்.

காலையில் யாரும் எழுமுன் தனியாக நாலு நடை கூடுதலாக நடக்கிறேன். போஸ்ட்மாஸ்டர் போர்வைக்குள்ளிருந்து, "சார், உங்களுக்கு எந்த மெடலை வச்சிருக்காங்க?" என்கிறார்.

இந்த வாரம் எவ்வளவு?

அப்பா


மே 14

அன்புள்ள அப்பாவுக்கு,

அறுபத்தொன்று. சென்ற முறையைவிட அரை விநாடி கூடியிருக்கிறது. கூடுதல் நடை போதவில்லை போலிருக்கிறது.

கீழறை தயார். கட்டிலுக்கு விரிப்புகூடப் போட்டுவிட்டேன்.

மகள்


மே 29

மேடம்,

சார் சொல்லச் சொல்ல, நான் வார்டு நர்ஸ் எழுதுகிறேன். விடியுமுன் தனியாக நடந்தபோது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்தது. இனி நடப்பது சிரமம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் ஒன்றே ஒன்று கேட்கச் சொல்கிறார்: "நான் எப்பவாவது அறுபதுக்குள்ள வந்தேனா? நிஜத்தைச் சொல்லு."


ஜூன் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்தீர்கள். ஏப்ரலில் அறுபதரை என்று எழுதியது ஐம்பத்தொன்பதரை. உங்கள் முறைப்படி ஒரு விநாடிதான் சேர்த்தேன். மே மாதம் அறுபத்தொன்று என்று எழுதியது ஐம்பத்தாறு. நீங்கள் வேகமாகிக்கொண்டே போனதால் ஐந்து சேர்க்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லி இல்லத்திலிருந்து மூன்று முறை எழுதினார்கள். அறை தயாராகவில்லை என்று பதில் போட்டேன்.

நோட்டில் இரண்டு பத்தி இருக்கிறது, "நிஜம்", "சொன்னது" என்று. தேர்வுப் போட்டிக்கு இருநூறு மீட்டரை இரண்டு நிமிடம் பன்னிரண்டு விநாடிக்குள் நீந்த வேண்டும். "நிஜம்" பத்தியின்படி, பதினேழு வயதில் மூன்று முறை அதற்குள் நீந்தியிருக்கிறேன். நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: "இன்னும் ஒரே ஒரு செகண்டுடி. இதுக்குப் போய் படிவம் அனுப்பினா சிரிப்பாங்க." அனுப்பவில்லை. அடுத்த வருடம் அந்த ஒரு விநாடியைத் துரத்தியதில் தோள் கிழிந்தது.

இடுப்பு வலிக்கிறதா என்று கேட்க நினைத்தேன். தோளைப் பற்றி நீங்கள் கேட்டதாக ஞாபகம் இல்லை.

இனி வீட்டில் பார்த்துக்கொள்ள முடியாது, அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். கீழறையில் பறிமுதல் செய்த தராசுகளை வைத்திருக்கிறேன்.

மகள்


ஜூன் 20

அன்புள்ள மகளுக்கு,

இதை என் கையாலேயே எழுதுகிறேன். மூன்று நாளாயிற்று.

எழுபத்தொரு வயது, ஒரு பக்கம் விழுந்த உடம்பு, ஐம்பத்தாறு விநாடி. அந்தப் பெண்ணின் கைதட்டலில் இது வந்திருக்குமா? போஸ்ட்மாஸ்டர் சென்ற வாரம் எழுபத்தெட்டு விநாடியில் நடந்தார். கைதட்டல் இன்னும் ஓயவில்லை. முறை சரிதான். நேரம் கூடிவிட்டது என்று எழுதினாயே, அது எனக்குத் தோன்றாத உத்தி. அதைப் படித்த மறுநாள்தான் நாலு நடையை எட்டாக்கினேன்.

நீ முதல் முறை பன்னிரண்டுக்குள் வந்த அன்று, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். உன்னிடம் காட்டியிருந்தால் நீயும் போஸ்ட்மாஸ்டர் ஆகியிருப்பாய்.

தயவு காட்டாமல், கை நடுங்காமல், கடைசிவரை எண்ணை மறைத்தாய். என்னிடம் பயின்ற பிள்ளைகளில் இதைக் கற்றுக்கொண்டவள் நீ ஒருத்திதான்.

சபாஷ்.

இப்படிக்கு,
உன் பயிற்சியாளர்