பத்து நாளுக்குச் சாப்பாடு

யாழ்ப்பாணம்
05.07.1996

அன்புள்ள அக்கா,

இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பி இரண்டு மாதம். வீட்டுக்குக் கூரை இருக்கிறது. உங்கள் மச்சாள் அகஸ்ரீனாவுக்கு என்னை ஏசக் குரலும் இருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி?

வகுப்பில் வியட்நாம் படிப்பிக்கிறேன். சைகோன் மாளிகையின் கதவை யுத்த தாங்கி இடித்துத் திறந்த நாள் வரைக்கும் புத்தகம் விரிவாகச் சொல்கிறது. வடக்கும் தெற்கும் ஒன்றானது, எண்பத்தாறில் சந்தையைத் திறந்தது எல்லாம் ஒரே பந்தி. உங்கள் மேல்மாடி வியட்நாம்காரியைக் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. ஆசிரியர்களை விசாரணைக்காக இராணுவ முகாமுக்கு அழைத்து அறிவித்தல் வந்திருக்கிறது. எனக்கு ஓகஸ்ற் 26. மூன்று நாளுக்கு உடுப்பும் பாயும் கொண்டுவர வேண்டுமாம். மூன்று நாள்தானே, போய்வந்து எழுதுகிறேன்.

உங்கள் தம்பி,
அலோசியஸ்

பலேர்மோ
27.07.1996

அன்புள்ள தம்பி,

நுயெட்டைக் கேட்டேன். என்னைப் போல அவவும் லிபெர்த்தா வீதியில் ஒரு கிழவியைப் பராமரிக்கிறா.

அவவின் கணவரும் வாத்தியார். போர்க்காலத்தில் தெற்குப் படை இழுத்துச் சிறிய அதிகாரியாக்கியது. வென்ற அரசு எழுபத்தைந்து ஜூனில் அவர்களை மறுகல்விக்கு அழைத்தது: பத்து நாளுக்குச் சாப்பாடு, பேனை, நுளம்புவலை. அவ கருவாடு பொரித்துக் கட்டிக் கொடுத்தா. அவர் ஆறு வருடம் வரவில்லை. நாடு ஒன்றான செய்தியை அவ வானொலியில் தனியாகக் கேட்டா. அவர் வருமுன்னே எழுபத்தொன்பதில் படகேறினா, இத்தாலியக் கப்பல் காப்பாற்றியது. எண்பத்தாறின் சந்தைச் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் அவரிடமிருந்து கடிதம் வந்தது. சைகோனில் ஆங்கிலம் படிப்பிக்கிறார், இன்னொரு மனைவியோடு.

"ஏமாத்திப் போட்டாங்கள்" என்றேன். இத்தாலியனில் அவ சொன்ன பதிலை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: "அறிவித்தலிலை பொய் ஒண்டும் இல்லை. பத்து நாளுக்குச் சாப்பாடு எண்டுதான் இருந்தது. பத்து நாளிலை விடுவம் எண்டு இல்லை. அதை நாங்களாத்தான் வாசிச்சம்."

உன் அறிவித்தலை மறுபடி வாசி. எப்போது விடுவோம் என்று எங்கே இருக்கிறது? போகாதே. இந்தியாவுக்குப் படகு பிடி. பிறகு உன்னை இங்கே எடுக்கலாம். நான் பராமரிக்கும் சிஞ்ஞோரா விசாவுக்குக் கையெழுத்துப் போடுவா.

செலஸ்ரீனா

யாழ்ப்பாணம்
21.08.1996

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது.

"மச்சாள் சொல்லுறதைக் கேளுங்கோ" என்றாள் அகஸ்ரீனா.

"அது தோத்த பக்கத்தின்ரை கதையப்பா."

"அப்ப நாங்கள் ஆர், வெண்ட பக்கமோ?"

அறிவித்தலை வாசித்தேன். விடும் திகதி இல்லை. ஆனால் அவளுக்கு இது ஏழாம் மாதம். படகு ஏற்ற முடியாது. நான் மட்டும் ஓடினால் என்னைத் தேடி அவளிடம் வருவார்கள். ஆகவே போகிறேன். பையில் அவள் மார்கழிப் பனிக்கென்று கம்பளியும் வைத்திருக்கிறாள். அதை நான் வெளியே எடுக்கவில்லை.

அலோசியஸ்

பலேர்மோ
13.10.1996

அன்புள்ள தம்பி,

நீ போய் ஏழு கிழமையாகிறது. அகஸ்ரீனா எழுதியிருக்கிறாள்: "ஞாயிறு ஞாயிறாய் முகாம் வாசலிலை போய் நிக்கிறன் மச்சாள். அப்பிடி ஒருத்தர் இஞ்சை வரேல்லையாம். ஆனா ஆமிக்காரர் சோத்துப் பார்சலை மட்டும் வாங்கினம். ஒருக்காலும் திருப்பித் தரேல்லை."

நுயெட்டுக்கு வாசித்துச் சொன்னேன். அவ எழும்பி மேலே போய்விட்டா.

ஆதாரமில்லாமல் நான் எதையும் நம்பமாட்டேன் என்று நீயே என்னைக் கேலி செய்வாய். இன்று எனக்கிருக்கும் ஆதாரம் அந்தப் பார்சலை வாங்கிய கை மட்டும்தான். அது உன்னிடம்தான் வருகிறது என்று நம்பி, இதை முகாம் விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

கிடைத்தால் உன் பெயரை மட்டும் எழுதி அனுப்பு. உன் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அக்கா