எறியாத துவாய்க்கு எழுதப்பட்ட தோல்வி

அனுப்புநர்:
க. வீரக்குட்டி,
பார்க்டேல், ரொறன்ரோ.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
தொழில்முறைக் குத்துச்சண்டை மேற்பார்வைச் சபை,
ரொறன்ரோ.

விடயம்: இலகு எடைப் பட்டப் போட்டியில் என் பெறாமகன் சரணடைந்ததாக வழங்கப்பட்ட பிழையான தீர்ப்பை நீக்குதலும், வரும் சனிக்கிழமைப் போட்டியை நிறுத்துதலும்

மதிப்புக்குரிய ஆணையாளர் ஐயாவுக்கு,

சண்டையைக் கைவிடாத ஒருவனைக் கைவிட்டவன் என்று தங்கள் சபை பதிந்து வைத்திருக்கிறது. அவன் என் தம்பியின் மகன் சச்சிதானந்தன். தந்தை மட்டக்களப்பில் இருப்பதால் அவருடைய இடத்தில் நின்று இதை எழுதுகிறேன். ஆங்கிலப் பிரதியை என் மருமகள் பரிமளம் எழுதி இணைத்திருக்கிறார். இரண்டும் எங்காவது முரண்பட்டால், தமிழில் உள்ளதே நான் சொன்னது.

1. நவம்பர் 14ஆம் திகதி நடந்த பட்டப் போட்டியின் ஐந்தாம் சுற்றில், வாகையாளர் திரு. டொனலி என் பெறாமகனின் இடக்கைக் குத்தில் கீழே விழுந்தார். நடுவர் எண்ணத் தொடங்கினார். அந்நேரம் பார்வையாளர் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைத் துணி, எங்கள் பயிற்றுநர் நிற்கும் மூலையருகே மேடையில் விழுந்தது. டொனலி எழுந்து நின்றதும் நடுவர் திரும்பினார், துணியைக் கண்டார், எங்கள் பயிற்றுநர் துவாய் எறிந்து தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கருதிப் போட்டியை நிறுத்திவிட்டார். எதிராளியை விழுத்திவிட்டு நின்றவன் தோற்றான் என அறிவிக்கப்பட்டது.

2. அது துவாய் அல்ல, சால்வை. எறிந்தவர் சச்சிதானந்தனின் தாய்மாமன் கந்தப்போடி. எங்கள் ஊரில் வென்றவருக்குச் சால்வை போர்த்துவது மரியாதை. கந்தப்போடி அறிந்த போட்டி மல்யுத்தம் ஒன்றுதான். அதில் முதுகு நிலத்தில் பட்டால் முடிந்தது. மேடைக்கு ஓடியவரைக் காவலர் தடுத்ததும் சால்வையைச் சுருட்டி எறிந்துவிட்டார். மண்டபத்திலேயே அவரைக் கடுமையாக ஏசினேன். “விழுந்தா முடிஞ்சுதுதானே எண்டு நினைச்சன் அத்தான், பிள்ளை வெண்டுட்டான் எண்டுதான் போட்டனான்” என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் அவர் வரவில்லை. சபை விரும்பினால் எந்த மண்டபத்துக்குள்ளும் அவரை விடாதிருக்கலாம்; அதற்கு நான் ஆட்சேபிக்க மாட்டேன். அவர் செய்த பிழைக்கு மேடையில் நின்றவன் தண்டிக்கப்படுவதை மட்டும் ஏற்க மாட்டேன்.

3. பயிற்றுநர் அல்பேட் தமது துவாய் தமது தோளிலேயே கிடப்பதை நடுவரிடம் அப்போதே எடுத்துக் காட்டினார். நடுவர் பார்க்க மறுத்தார். மறுவாரம் தங்கள் அலுவலகத்துக்குப் போனேன். துணி எதுவானாலும் துணிதான் என்று அங்கிருந்த அலுவலர் சிரித்தபடி சொன்னார். சரிகைக் கரை போட்ட, நான்கு முழச் சால்வையால் முகம் துடைக்கும் பயிற்றுநரை அவர் எங்கே கண்டார் என்று கேட்டேன். எழுதித் தரும்படி சொன்னார். எழுதியிருக்கிறேன்.

4. என் பெறாமகன் வென்றுவிட்டான் என்று நான் கோரவில்லை. டொனலி எழுந்துவிட்டார், துணிவான மனிதர். ஆறாம் சுற்றில் அவரே வென்றிருக்கவும் கூடும். அப்படித் தோற்றிருந்தால் இந்த மனு வந்திராது.

5. இனிச் சொல்வதே என்னை உறங்கவிடாதது. சரணடைந்தவன் என்ற பெயர் வந்தபின் நல்ல போட்டி எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை. போட்டி ஒழுங்கமைப்பாளர் வரும் சனிக்கிழமை ஹமில்ரன் நகரில் இரண்டு எடைப்பிரிவு மேலான ஒருவரோடு அவனை இறக்குகிறார். அந்த மனிதரின் கடைசி எதிராளி இன்னும் மருத்துவமனையில் இருப்பதாக அல்பேட் சொல்கிறார். பயிற்றுநரான அவரே இந்தப் போட்டிக்கு எங்கள் மூலையில் நிற்க மறுத்துவிட்டார். பட்டப் போட்டியில் சச்சிதானந்தனுக்குப் பட்ட புருவக் காயம் இன்னும் ஆறவில்லை. வீட்டுக்குள்ளும் கம்பளித் தொப்பியை இழுத்து அதை மறைக்கிறான். அவன் தாய் கோணேஸ்வரி தொப்பியைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்பதில்லை. நான் கேட்டேன். “ஓடினவன் எண்டு சொல்லுறாங்கள் பெரியப்பா. இவனோட நிண்டு காட்டினாத்தான் வாய் மூடுவாங்கள்” என்றான். இருபத்திரண்டு வயதுக்காரனிடம் அதற்குமேல் பேசிப் பயனில்லை. தங்களிடம் பேசினால் பயன் உண்டு. ஏனெனில் ஹமில்ரன் போட்டிக்கும் அனுமதி வழங்குவது தங்கள் சபையே.

ஆகவே, செய்யவேண்டியவையும் செய்யவேண்டியவர்களும்:

அ. நடுவர், அந்தத் துணி எங்கள் மூலையிலிருந்து வந்ததைத் தாம் கண்ணால் கண்டாரா என்பதை எழுத்தில் தரவேண்டும்.

ஆ. சபை, நவம்பர் 14ஆம் திகதித் தீர்ப்பை நீக்கி, வெற்றியும் தோல்வியும் இல்லாத, முடிவில்லாப் போட்டி எனப் பதியவேண்டும். ஒழுங்கமைப்பாளர் டொனலியோடு மறுபோட்டி வைக்கவேண்டும். டொனலி மறுக்கமாட்டார் என நம்புகிறேன்.

இ. சபை மருத்துவர், சச்சிதானந்தனைத் தொப்பி இல்லாமல் பரிசோதிக்கவேண்டும்.

ஈ. தாங்கள், சனிக்கிழமைப் போட்டிக்கான அனுமதியை வெள்ளிக்கிழமைக்குள் இரத்துச் செய்யவேண்டும். முதல் மூன்றும் தாமதித்தாலும் இது தாமதிக்கக்கூடாது. இப்படி ஒரு மனு வருவது சச்சிதானந்தனுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னோடு பேச்சை நிறுத்துவான். கேட்டது நான்தான் என்று தாங்களே அவனிடம் சொல்லலாம்.

பதில் வரும்வரை தினமும் காலையில் தங்கள் அலுவலகத்துக்கு வந்து காத்திருப்பேன்.

க. வீரக்குட்டி
(கையொப்பம்)

இடம்: ரொறன்ரோ
திகதி: 30.11.1987